பார்க்காத சாமிக்குச் சாட்சி சொன்னவள்

நெல்லிப்பாறைக் கண்ணம்மாள் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு சாமிக்குச் சீலை உடுத்தினாள். அந்தச் சாமியை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் சேலத்துக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் குளியலறைக்கு மட்டும் எதற்குக் கதவு போட்டு வைத்திருக்கிறார்களாம்?

நெல்லிப்பாறை என்பது ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்தையும் தாண்டி, ஜீப் மட்டுமே ஏறுகிற பாதையின் முடிவில் இருக்கும் சின்ன ஊர். ஊர்ச் சாமியின் பெயர் கன்னியாத்தா. எட்டோ பத்தோ வயதான பெண் பிள்ளை என்று ஐதீகம். பெண் பிள்ளையின் உடம்பை ஊரார் பார்க்கலாமா? கூடாது. அதனால் கழுத்திலிருந்து கால்வரை மஞ்சள் சீலை, முகத்துக்குப் பித்தளைக் கவசம். பெரிய கண்ணும் சிரிப்புமாக இருக்கும் அந்தக் கவசத்தைத்தான் ஊர் தன் சாமியின் முகம் என்று அறிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சீலை மாற்றும்போது பூசாரி வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே இருப்பவள் ஒருத்திதான், கண்ணம்மாளின் புருஷன் மாதேஷின் குடும்பத்துக்கு வாழ வந்த மருமகள். அவளும் ஈரத் துணியால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்ட பிறகுதான் கவசத்தில் கை வைக்கலாம். அந்தக் குடும்பத்தின் உரிமை அது, பாரமும் அதுதான்.

கண்ணம்மாள் மஞ்சக்குட்டையில் பிறந்தவள். மாதேஷைக் கட்டிக்கொண்டு வந்தபோது இப்படி ஒரு வேலை காத்திருக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. முதல் வெள்ளிக்கிழமை மாமியார் கதவுக்கு வெளியே நின்று, தோளில் போடு, இடுப்பில் சுற்று என்று குரல் கொடுக்க, இவள் உள்ளே தடவித் தடவிச் சீலையைக் கட்டி முடித்தாள். அன்றைக்குக் கொசுவம் ஒரு பக்கமாகக் கோணிப் போயிற்று. ஊர்ப் பெண்கள் ஒரு வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்புறம் பழகிவிட்டது. வாரம் முழுக்க எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து, கணக்கெழுதும் ரைட்டரிடம் பேச்சு வாங்கி, வீட்டுக்கு வந்து கேழ்வரகு திரித்துக் களி கிண்டிய கை, வெள்ளிக்கிழமை மட்டும் அந்தச் செப்புத் தோளில் மெத்தென்று இறங்கும். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி மேனி வழுவழுப்பாக இருக்கும். சிலை அவள் இடுப்பு உயரந்தான். வலது கையில் ஒரு பூ மொட்டு, இடது கை தொங்கவிட்டபடி. கவசத்தின் கயிற்றைப் பிடரியில் முடிச்சுப் போடும்போது கொண்டைக்குக் கீழே அவள் கட்டைவிரலுக்கு ஒரு சின்னத் தழும்பு தட்டுப்படும். வார்த்தவன் அரத்தால் ராவ மறந்துவிட்டான் போலிருக்கிறது. பிள்ளைக்குப் பால் மணம் போகும் முன்னே யாரோ சூடு போட்டுவிட்டார்கள் என்றே கண்ணம்மாள் நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் விரலைக் கொஞ்சம் நிறுத்தி, பிறகுதான் முடிச்சை இறுக்குவாள்.

பேசவும் பேசுவாள். கண்ணைக் கட்டிக்கொண்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. ரைட்டர் எடை போடும்போது காட்டும் வேலை, மாதேஷ் தேன் எடுக்கப் போய் முகம் வீங்கி வந்தது, மகள் கௌரி வயசுக்கு வந்தது, எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையிடம்தான் முதலில் சொன்னாள். கண்ணம்மாளுக்கு நரை வந்தது. பிள்ளைக்கு வயது ஏறவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். சாமி என்று கும்பிட்டாளா, பெற்ற பிள்ளை என்று கொஞ்சினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஓர் ஆடி மாதம், விடாத மழையில் ஊர் நான்கு நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்து வெளியே வந்தபோது கோயில் பூட்டு உடைந்து கிடந்தது. கன்னியாத்தா இல்லை. சீலை ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. பித்தளைக் கவசம் தரையில் மல்லாந்து, எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தது. பித்தளைக்கு விலை இல்லை என்று திருடன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கண்ணம்மாள் கவசத்தை எடுக்கவில்லை. அந்தச் சீலையைத்தான் ஓடிப்போய் அள்ளினாள். யாரோ ஓர் ஆண்பிள்ளை தன் கையால் அவிழ்த்துப் போட்ட சீலை. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையை ஊர் பார்த்தது. அப்போதும் அந்த வீட்டின் மேல் ஊருக்கு ஏதோ ஒரு சந்தேகம் இருந்துகொண்டுதான் இருந்தது.

போலீஸ் வந்தது. சிலையின் போட்டோ கேட்டார்கள். இல்லை. உயரம் எவ்வளவு, எத்தனை கை, நின்ற கோலமா உட்கார்ந்த கோலமா என்று கேட்டார்கள். ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு, பூசாரியும் அவரேதான், தலையைச் சொறிந்தார். காணாமல் போன பொருளை இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததே இல்லை என்பது புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒருவருக்கொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கடைசியில் கண்ணம்மாளிடம் வந்தார்கள். அவள் கையால் அளந்து காட்டினாள். காற்றில் ஒரு பிள்ளையை வரைந்து காட்டினாள். அதை எப்படிப் புகாரில் எழுதுவது?

எழுதத் தெரியாததற்குப் பதிலாக மாதேஷை ஜீப்பில் ஏற்றினார்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தது இந்த ஒரு வீட்டுக்குத்தான், ஆகவே வழி காட்டியவனும் இந்த வீட்டுக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. திரும்பி வந்தபோது மாதேஷ் நொண்டிக்கொண்டு வந்தான். அதற்கு முன்பு கோயில் திருவிழாவில் அவன்தான் முதல் மேளம். திரும்பி வந்தவன் மேளத்தைப் பரண்மேல் போட்டான். கோயில் இருக்கும் பக்கம் கூடத் திரும்பவில்லை. காவல் நிலையம் அவனை விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. முகத்துக்கு நேரே ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் ஓடு மாற்றினால்கூட, காசு ஏது என்று ஒரு பார்வை வரும்.

வருஷங்கள் போயின. சாமி இல்லாத பீடத்தில் பலாப்பலகை ஒன்றை நிறுத்தி, அதன்மேல் கவசத்தைக் கட்டி, ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்தது. முகம் இருக்கிறதே, போதாதா என்றார்கள். பலகைக்குச் சீலை சுற்றக் கண்ணைக் கட்ட வேண்டியதில்லை, கண்ணம்மாளும் வேண்டியதில்லை. ஐயாக்கண்ணுவே சுற்றிவிட்டார். ஆனால் பூக்கேட்பது மட்டும் நடக்கவில்லை. கல்யாணம் என்றாலும் விதைப்பு என்றாலும் சாமியின் இரண்டு தோளிலும் பூவை வைத்து, வலது பக்கத்துப் பூ விழுந்தால்தான் அந்த ஊரில் காரியம் தொடங்கும். பலகைக்குத் தோள் ஏது? பூ வைத்தால் உடனே இரண்டும் பொத்தென்று விழும், இல்லை இரண்டும் அப்படியே இருக்கும். கொஞ்ச நாளில் ஆட்கள் அடிவாரம் இறங்கிச் சேலத்தில் ஜோசியம் பார்க்க ஆரம்பித்தார்கள். படித்த பிள்ளைகள் போனிலேயே பொருத்தம் பார்த்தார்கள். கௌரியின் கல்யாணமும் பூக்கேட்காமல்தான் நடந்தது. அது நன்றாகத்தான் போகிறது, குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் மகள் தலைவலி என்று போனில் சொன்னால்கூடக் கண்ணம்மாளுக்கு, கேட்காமல் செய்துவிட்டோமே என்று இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஏற்காட்டிலிருந்து முகமது ஆசிக் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனீபாவின் மகன் அவன். கன்னியாத்தாவுக்கு மஞ்சள் துணி எப்போதும் அந்தக் கடையில்தான் எடுப்பார்கள். சிலைத் திருட்டு வழக்கில் எங்கேயோ ஒரு வியாபாரியின் பங்களாவில் நிறைய சாமி சிலைகள் பிடிபட்டிருக்கின்றன, அதில் ஏற்காட்டு மலையில் எடுத்தது ஒன்று என்று திருடனே ஒத்துக்கொண்டிருக்கிறான், ஆனால் எது என்று அவனுக்கு நினைவில்லையாம். ஊர்க்காரர்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்று தகவல். ஊர் மொத்தமும் கண்ணம்மாளின் வீட்டு வாசலில் வந்து நின்றது. அத்தனை வருஷம் ஓரக்கண்ணால் பார்த்த ஊர். ராசாத்தி என்று ஒருத்தி, மாதேஷை முதுகுக்குப் பின்னால் வாய்க்கு வந்தபடி பேசியவள், பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்தாள்.

மாதேஷ் மட்டும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னான்.

“ஏம்புள்ள, அவ கெடச்சா எம்பட பேரும் கெடச்சுரும்.”

போகிற வழியெல்லாம் கண்ணம்மாளின் காதில் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம் ஐயாக்கண்ணு முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டே வந்தார். தயங்கக் கூடாது, பார்த்ததும் பளிச்சென்று சொல்லிவிட வேண்டும், தயங்கினால் தெரியவில்லை என்று எழுதிவிடுவார்கள் என்றார். பார்க்க மாட்டேன், தொட்டால்தான் தெரியும் என்று அவள் சொன்னாள். அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பேச்சை மாற்றினார். ஆசிக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

அரசாங்கம் சிலைகளை வைத்திருக்கும் இடம் ஒரு நெல் குடோன் போல இருந்தது. கம்பிக் கதவு, கேமரா, ஒரே குழல்விளக்கு வெளிச்சம். சாமிகள் வரிசை வரிசையாக நின்றன. கையில் அட்டை கட்டி, அட்டையில் எண் எழுதியிருந்தார்கள். கோர்ட்டில் கேஸ் நடக்கும்வரை அவர்களுக்குப் பெயர் அந்த எண்தான். ஒரு சாமிக்கும் துணி இல்லை. கண்ணம்மாள் வாசற்படியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். ஐயாக்கண்ணு கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

புஷ்பலதா என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். நல்ல மனுஷி என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று சிலைகளைத் தனியே ஒரு மேசைமேல் வைத்திருந்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம், மூன்றும் பூ ஏந்திய பெண். எது உங்கள் ஊருடையது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கண்ணம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. ஐயாக்கண்ணு ஊர் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பி நின்றார், சிரிப்பை மறைக்கத்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இப்படி ஒரு சாட்சியை அவர் பார்த்ததில்லை போலும். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

“தொட்டுப் பாருங்கம்மா. ஆனா வெறுங்கையில தொடக்கூடாது, கெமிக்கல் போட்டுச் சுத்தம் பண்ணியிருக்கு. கையுறை போட்டுக்கணும்.”

ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்வது போன்ற ரப்பர் உறை. ஆசிக்தான் அதை விரல் விரலாக இழுத்து மாட்டிவிட்டான். கண்ணம்மாள் முந்தானையால் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முதல் சிலையின் தோளில் கை வைத்தாள். ஒன்றுமே இல்லை. ரப்பர்தான் இருந்தது. எண்ணெயின் வழுவழுப்பு இல்லை, மஞ்சளின் சொரசொரப்பு இல்லை, குளிர்ச்சிகூட இல்லை. பிடரியில் கட்டைவிரலை வைத்துத் தேடினாள். உறையின் மடிப்பு எது, தழும்பு எது என்று தெரியவில்லை. இரண்டாவது சிலைக்குப் போனாள். அதே. மூன்றாவது. அதே. மறுபடி இரண்டாவதுக்கு வந்தாள். இத்தனை வருஷம் இருட்டில் தெரிந்த பிள்ளை, இத்தனை வெளிச்சத்தில் தன் கைக்குத் தெரியவில்லையே என்றிருந்தது. இந்த மூன்றில் ஒருத்தி அவள்தான். தன் எதிரே நிற்கிறாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் பதிலுக்கு அந்தப் பிள்ளைக்குக் குரல் கொடுக்கத் தெரியாது, இவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

கண்ணம்மாள் அந்த இரண்டாவது சிலையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஓவென்று அழவில்லை. ஆனால் நிற்க முடியாமல் மேசையோடு சாய்ந்து அழுதாள்.

சிரித்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர் புஷ்பலதாவின் கண்ணும் கலங்கியது. ஐயாக்கண்ணு கைகூப்பி, ஆத்தா என்று தரையில் விழுந்தார். தாயும் பிள்ளையும் சேர்ந்துவிட்டார்கள் என்று அந்த அறையில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கண்ணம்மாளுக்குக் கேட்டது. இல்லைங்க, எனக்குத் தெரியலைங்க என்று சொல்ல வாய் எடுத்தாள். மாதேஷ் அடுப்படியில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஒருவேளை இவளாகவே இருக்கலாமே என்றும் தோன்றியது. கை தன்னால் இங்கே திரும்பி வந்ததே, சும்மா வருமா? அந்த ஒரு நொடி அவள் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கையெழுத்து, கைநாட்டு, சாட்சி, பத்திரிகைக்காரர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சாமியை அடையாளம் காட்டிய மலைவாழ் பெண் என்று மறுநாள் படத்தோடு வந்தது. அதைப் பார்த்து இன்ன கலெக்டர் பாராட்டினார், இன்ன சங்கம் சால்வை போட்டது என்று பேச்சு. அந்தச் சால்வையைக் கண்ணம்மாள் இன்னும் பிரிக்கவில்லை.

கோர்ட்டில் உத்தரவு வாங்கிச் சாமி மலையேறச் சில மாதங்கள் ஆயின. அடிவாரத்திலிருந்தே மேளதாளம். ஆசிக் தன் ஜீப்பைக் கழுவி, வாழைமரம் கட்டி, தலையோடு துணி போர்த்திய சாமியை அதில்தான் ஏற்ற வேண்டும் என்று சண்டை போட்டு ஏற்றிக்கொண்டான். கடை வாசலில் ஹனீபா புது மஞ்சள் துணியோடு நின்று காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மஞ்சக்குட்டையிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் சனம். நெல்லிப்பாறை எல்லையில் ஜீப் நின்றபோது கூட்டத்துக்குள்ளிருந்து மேளச் சத்தம் ஒன்று தனியாகக் கேட்டது. மாதேஷ். பரண்மேல் கிடந்த மேளத்தை இறக்கித் தோலை வெயிலில் காயவைத்து, நொண்டிக் காலைத் தாங்கிக்கொண்டு அடித்தான். ராசாத்தி அவன் காலில் விழுந்தாள். கண்ணம்மாள் இதையெல்லாம் பார்த்தாள். பார்த்து அவள் மனம் குளிர்ந்தது உண்மை. இந்த ஒரு நாளுக்கு எதையும் கொடுக்கலாம் என்றிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கதவு சாத்தப்பட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டாள். கூடையில் எண்ணெய், மஞ்சள், ஹனீபா கொடுத்த துணி. வெறுங்கையை அந்தத் தோளில் வைத்தாள்.

கை வைத்ததும் தெரிந்துவிட்டது.

இருந்தாலும் நம்பாமல் தடவினாள். இடுப்பு இன்னும் ஒல்லி. தொங்கவிட்ட கையின் விரல்கள் நீளம். பிடரி சின்னப் பிள்ளையின் கன்னம் போல மொழுமொழுவென்றிருந்தது. கவசத்தை எடுத்து முகத்தில் வைத்தாள். பொருந்தவில்லை. மூக்கின் பக்கம் இடித்து, கன்னத்தின் பக்கம் ஆடியது. வேறொருத்தியின் முகத்தை வாங்கி வைத்தால் ஆடாமல் என்ன செய்யும்? வெளியே மாதேஷின் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கதவு திறக்கக் காத்திருந்தது. கண்ணம்மாள் முந்தானையின் ஓரத்தைக் கிழித்து, இரண்டு துண்டு மடித்து, கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகினாள். ஆட்டம் நின்றது. கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அந்த வேலையைச் செய்தது தன் கைதானா என்று இன்றைக்கும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

அன்று பூக்கேட்டார்கள். ஊர்க்காரி அமுதவல்லியின் மகள் கல்யாணத்துக்கு. வலது தோளிலிருந்து பூ அழகாக விழுந்தது. ஊர் குலவை போட்டது.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணம்மாள் ஐயாக்கண்ணுவின் மிளகுத் தோட்டத்துக்குப் போனாள். ஏணி மேல் நின்றுகொண்டிருந்தவரைக் கீழே இறங்கச் சொல்லி, விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. கெமிக்கலில் தேய்த்திருப்பார்கள், அதில் தழும்பு போயிருக்கும் என்றார். இடுப்புமா தேயும் என்று அவள் கேட்டாள். அவர் ஏணியில் சாய்ந்துகொண்டார். முகம் வெளுத்துப் போயிற்று.

“மாமா, திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லோணுங்க. நம்ம புள்ளை அங்கதானுங்க இருக்குது.”

“சொன்னா என்னாகும், தெரியுமா கண்ணம்மா? பொய்ச் சாட்சின்னு உன்னையும் என்னையும் உள்ள போடுவாங்க. மாதேஷைத்தான் மறுபடியும் முதல்ல கூப்புடுவாங்க. இவளையும் எடுத்துக்குவாங்க. நம்ம புள்ளையைக் குடுப்பாங்களா? இவங்க சொல்றதை எப்புடி நம்பறதுன்னு கேப்பாங்க.” குரல் தாழ்ந்தது. “பூ விழுந்துச்சல்லோ. இவளும் ஏத்துக்கிட்டாள்ல. உட்ரு.”

அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அதுதான் கொடுமை. ஐயாக்கண்ணுவைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. சாமியைத் திருடியவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன், விற்றவன் ஒருவன். அவர்கள் எல்லோரும் ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். மலைமேல் இருக்கும் இந்த இரண்டு பேர்தான் மிளகுக் கொடிக்குக் கீழே நின்று குற்றவாளிகளைப் போல விழித்துக்கொண்டிருந்தார்கள்.

மாதேஷிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? இப்போதெல்லாம் அவன் சிரிக்கிறான். டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறான். சாமி வந்தது எம் பொண்டாட்டியின் கையால் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் எதையாவது எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விடுவாள்.

கடைசியில் ஆசிக்கைப் பிடித்தாள். சந்தை நாளில் ஏற்காட்டுக்குப் போய், கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, மற்ற இரண்டு பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று அந்த இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் போன் போட்டுக் கேள், நான் கேட்டேன் என்று சொல்லாதே என்றாள். ஏன் என்று ஆசிக் கேட்கவில்லை. கவசத்துக்கு உள்ளே செருகியிருந்த துணியை அவன் எப்போதோ பார்த்துவிட்டிருந்தான். துணிக்கடைக்காரன் கண்.

இன்ஸ்பெக்டருக்கு மாற்றலாகிவிட்டிருந்தது. இருந்தாலும் விசாரித்துச் சொன்னார். ஒரு சிலையை யாரும் உரிமை கேட்டு வரவில்லை, அது அங்கேயே இருக்கிறது. இன்னொன்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டி, சுற்றிலும் விளக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். பூ ஏந்திய பெண், வந்த இடம் தெரியவில்லை என்று கீழே எழுதியிருக்கிறதாம். நல்ல வேலைப்பாடு என்று எல்லோரும் பாராட்டுகிறார்களாம்.

“போட்டோ அனுப்பியிருக்காங்கக்கா. ரெண்டும் இருக்கு. முதுகுப் பக்கமும் எடுத்திருக்காங்க. பாக்கறீங்களா?”

போனை நீட்டினான். கண்ணம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், வேண்டாம் கண்ணு, அணைச்சுரு என்று. பெரிதாக்கிப் பார்த்தால் பிடரியில் தழும்பு தெரியலாம். தெரிந்தால் என்ன செய்வாள்? ஊரில் ஒருவரும் பார்க்காத பிள்ளையை ஊருலகம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இனி தானும் ஒருத்தி சேர்ந்து பார்த்து என்ன ஆகப்போகிறது? எந்த இடத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, அங்கேயே விட்டுவிட்டு வருவதைக் காட்டிலும், தெரியாமலே இருந்துவிடலாம் என்றிருந்தது. செம்மநத்தம்வரை பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் பனி மூடியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவள், சாமி கொண்டாந்த அம்மாதானே நீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கண்ணம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணைக் கட்டினாள். வந்த நாளாக இந்தப் பிள்ளையிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலையை முடித்தோமா, வெளியே வந்தோமா என்றிருந்தாள். அன்றைக்கு எண்ணெய் தடவும்போது அந்த நீண்ட விரல்கள் கையில் பட்டன. இதையும் எங்கேயோ ஒருத்தி தடவியிருப்பாள். எங்கேயோ ஓர் ஊரில் இன்னொரு பீடம் காலியாகக் கிடக்கும். அங்கேயும் போட்டோ இருக்காது. தங்களுடையது போய்ச் சேர்ந்த இடம் தெரியாமல், இனி கேட்கவும் வழியில்லாமல், அவர்களும் ஏதோ ஒரு பலகையைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வழியை அடைத்தது தான்தான் என்று நினைத்ததும் கண்ணம்மாள் பீடத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உம்பட ஊரு எது கண்ணு?” என்றாள்.

வெளியே ஐயாக்கண்ணு மணியடித்து, நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

“எம்பட புள்ளை அங்க வெளிச்சத்துல அம்மணமா நிக்குது. நீ இங்க இன்னொருத்தி மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கற. ரெண்டு பேருக்கும் ஊடு தெரியும், சொல்ல வாயில்ல. எனக்கு வாயிருக்குது சாமி, சொல்ல முடியில.”

மணி மறுபடி அடித்தது. கண்ணம்மாள் எழுந்து சீலையைச் சுற்றினாள்.